கூலி கெடாமல் விளையாட முடியுமா?

கேள்வி இதுதான்: தொழிற்புரட்சிக்குப் பிறகுதான் சாமானிய மக்களுக்கும் விளையாட்டு, சுற்றுலா, பொழுதுபோக்கு எல்லாம் கிடைத்தன என்று பாடப்புத்தகத்தில் படிக்கிறோம். அது எல்லா வர்க்கத்துக்கும் ஒரே மாதிரி கிடைத்ததா?

இல்லை. புத்தகம் சொல்வது தப்பில்லை, ஆனால் பாதிக் கதை. ஆலை முதலில் விளையாட்டைப் பிடுங்கிக்கொண்டது. இரண்டு தலைமுறை கழித்து அதைக் கடிகாரத்துக்குள் அடக்கி, சுற்றி வேலி கட்டி, வாசலில் டிக்கெட் வைத்துத் திருப்பிக் கொடுத்தது. யாருக்கு எவ்வளவு திரும்பி வந்தது என்று பார்த்தால், எல்லாம் ஒரே கேள்வியில் போய் நிற்கும்: விளையாடப் போனால் உங்கள் கூலி கெடுமா, கெடாதா? இங்கிலாந்தை, அதிலும் லங்காஷயர், யார்க்‌ஷயர் பக்கத்து ஆலை ஊர்களை வைத்து இதைச் சொல்கிறேன். இந்தக் கதை முதலில் நடந்த இடம் அதுதான்.

ஆலைக்கு முந்தைய காலம் ஒன்றும் சொர்க்கம் இல்லை. ஆனால் அப்போது வேலையும் விளையாட்டும் ஒன்றோடொன்று கலந்து கிடந்தன. கைத்தறி நெசவாளரை எடுத்துக்கொள்ளுங்கள். நம் ஊர்த் தறிக்காரர்களைத் தெரிந்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது. சனிக்கிழமை நெய்த துணியைக் கொடுத்துக் காசு வாங்குவார். ஞாயிறு ஓய்வு. திங்களும் தறி ஓடாது. செவ்வாய் மெதுவாகத் தொடங்கும். வியாழன், வெள்ளியில் விளக்கு வைத்து விடிய விடிய ஓட்டிக் கணக்கை நேர் செய்வார். இப்படித் திங்கட்கிழமை மட்டம் போடுவதற்குக் கிண்டலாக 'புனிதத் திங்கள்' என்றே பெயர் வைத்திருந்தார்கள், ஏதோ ஒரு புனிதரின் திருநாள் போல. சேவல் சண்டை, நாய்களை ஏவிக் காளையைக் கடிக்க விடுவது, குத்துச்சண்டை, குடி எல்லாம் அன்றைக்குத்தான்.

ஆட்டங்களுக்கு எல்லையும் கிடையாது, ஆள் கணக்கும் கிடையாது. டர்பி நகரத்தில் தவக்காலம் தொடங்குவதற்கு முந்தைய செவ்வாய்க்கிழமை இரண்டு திருச்சபைப் பகுதிகள் ஒரு பந்துக்காக மோதும். தெரு, வயல், ஆறு எல்லாமே மைதானம். நூற்றுக்கணக்கான பேர் ஆடுவார்கள், மீதி ஊர் பின்னால் ஓடும். பண்ணையார்களும் இதை வேடிக்கை பார்ப்பார்கள், பந்தயம் கட்டுவார்கள், குடிக்கக் காசு கொடுப்பார்கள். கிரிக்கெட்டில் பிரபுக்கள் தங்கள் தோட்டக்காரரையும் வேட்டைக் காவலரையும் அணியில் சேர்த்துக்கொண்டு ஆடினார்கள். இதைச் சமத்துவம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. எஜமானும் ஆளும் ஒரே களத்தில் நின்றார்கள், அவ்வளவுதான். யார் எஜமான் என்பதில் இருவருக்குமே சந்தேகம் இல்லாததால் கலந்து நிற்பதில் பயம் இல்லை.

அப்புறம் நீராவி வந்தது.

நீராவி இயந்திரம் திங்கட்கிழமைக்காகக் காத்திருக்காது. கொதிகலனுக்குத் தீ போட்டுவிட்டால் முன்னூறு தறிக்கும் ஆள் நின்றாக வேண்டும். நாளைக்கு 12 மணி நேரம், 14 மணி நேரம் வேலை. தாமதமாக வந்தால் அபராதம், கொஞ்சம் கூடத் தாமதமானால் கேட் சாத்தியிருக்கும். மில் சங்கு கேட்டு எழுந்து வளர்ந்த கோயம்புத்தூர்க்காரர்களுக்கும் மதுரைக்காரர்களுக்கும் இதை விளக்கத் தேவையில்லை. நேரம் இப்படிப் போனது என்றால் இடமும் கூடவே போனது. 18-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியிலிருந்து ஆயிரக்கணக்கான தனிச் சட்டங்கள் வழியாக ஊர்ப் பொது நிலங்கள் வேலிக்குள் போய்த் தனியார் சொத்தாகின. மைதானம் போனால் தெருவில் ஆடலாமே என்றால், 1835-ஆம் ஆண்டின் நெடுஞ்சாலைச் சட்டப்படி பொதுச் சாலையில் பந்து உதைத்தால் 40 ஷில்லிங் வரை அபராதம்.

அதே 1835-இல் மிருகவதைத் தடைச் சட்டமும் வந்தது. சேவல் சண்டையும் காளையைக் கடிக்க விடுவதும் குற்றமாயின. நல்ல சட்டம்தான், அதில் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் குதிரை ஏறி, நாற்பது நாய்களோடு ஒரு நரியைத் துரத்திக் கிழிக்க விடுவது அந்தச் சட்டத்தின் கண்ணில் படவே இல்லை. நாய் வைத்து நரி வேட்டையாடுவதை இங்கிலாந்தில் தடை செய்ய 2004 வரை ஆனது. இடையில் ஓடியது 169 வருஷம். சேவலுக்கு வலித்ததா நரிக்கு வலித்ததா என்பது அங்கே பிரச்சினையாக இல்லை. யாருடைய பொழுதுபோக்கு என்பதுதான் பிரச்சினை.

டர்பி நகரத்தையே மறுபடி பாருங்கள். பஞ்சாலைக் குடும்பத்தைச் சேர்ந்த ஜோசப் ஸ்ட்ரட் 1840-இல் அந்த ஊருக்கு ஒரு பூங்கா தானம் செய்தார். மரங்களுக்குப் பெயர்ப்பலகை வைத்த, நடந்து பார்க்க வேண்டிய பூங்கா. வாரத்தில் 2 நாள் இலவசம், மற்ற நாட்களில் கட்டணம். ஆறு வருஷம் கழித்து 1846-இல், அதே ஊரின் தெருக் கால்பந்தைத் துருப்புகளை வரவழைத்து அடக்கினார்கள். ஓடாதே, கத்தாதே, குடும்பத்தோடு மெதுவாக நட, மரத்தின் பெயரைப் படி என்று தொழிலாளிக்குச் சொல்லிக் கொடுப்பதற்கு அந்தக் காலத்தில் 'அறிவார்ந்த பொழுதுபோக்கு' என்று பெயர். கொடுத்தவர்கள் நல்ல மனதோடுதான் கொடுத்தார்கள். வாங்கியவர்களும் பூங்காவுக்குப் போனார்கள், பிறகு அங்கிருந்து நேராகச் சாராயக் கடைக்கும் போனார்கள்.

இந்தக் கதையின் திருப்புமுனையாக எந்த விளையாட்டையும் நான் சொல்ல மாட்டேன். 1850-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டத்தைத்தான் சொல்வேன். நெசவு ஆலைகளில் பெண்களையும் சிறுவர்களையும் சனிக்கிழமை பிற்பகல் 2 மணிக்கு மேல் வேலை வாங்கக் கூடாது என்றது அது. ஆண்களைப் பற்றி அதில் ஒரு வரியும் இல்லை. ஆனால் ஆலையில் பாதிக்கு மேல் பெண்களும் பிள்ளைகளும்தான். அவர்கள் வெளியேறினால் ஆண்களை மட்டும் வைத்துக்கொண்டு இயந்திரத்தை ஓட்ட முடியாது. ஆக, பெண்களைக் காப்பாற்ற வந்த சட்டத்தின் தயவில் ஆண்களுக்கு அரைநாள் கிடைத்தது. 2 மணிக்குக் கேட் திறக்கும். கை கால் கழுவி, ஏதோ சாப்பிட்டு, மைதானத்துக்கு நடந்தால் மணி 3. இங்கிலாந்துக் கால்பந்து சனிக்கிழமை 3 மணிக்குத் தொடங்குவதை இன்றைக்கும் ஏதோ இயற்கை விதி போலப் பேசுவார்கள். அதன் வேர் பஞ்சாலைக் கேட்டில் இருக்கிறது.

(பெண்கள் அந்த 2 மணிக்கு எங்கே போனார்கள்? வீட்டுக்கு. வாரத்துத் துணி, பாத்திரம், தரை எல்லாம் காத்திருந்தன. அதற்குக் கடைசியில் வருகிறேன்.)

எல்லாத் தொழிலுக்கும் அந்த அரைநாள் ஒரே சமயத்தில் கிடைக்கவில்லை. ஷெஃபீல்ட் வெட்னஸ்டே என்ற கால்பந்து அணியின் பெயர் பலருக்கு வேடிக்கையாகத் தோன்றும். அது 1820-இல் கிரிக்கெட் சங்கமாகத் தொடங்கியது. அதன் ஆட்டக்காரர்களுக்கு அரைநாள் ஓய்வு கிடைத்தது புதன்கிழமை, அதுதான் பெயராக ஒட்டிக்கொண்டது. கடைச் சிப்பந்திகளுக்குச் சட்டப்படி அரைநாள் கிடைக்க 1911 ஆனது. வீட்டு வேலைக்காரப் பெண்களுக்கு? அந்தக் காலத்து இங்கிலாந்தில் பெண்கள் அதிகம் செய்த வேலை அதுதான். அவர்களுக்காக யாரும் சட்டம் போடவில்லை.

சரி, நேரம் கிடைத்தது. ஆட்டம் எங்கிருந்து வந்தது? இங்கேதான் இன்னொரு வர்க்கம் உள்ளே வருகிறது. தெருவில் அடக்கப்பட்ட கால்பந்து ஈட்டன், ஹாரோ, ரக்பி போன்ற பணக்காரப் பள்ளிகளில் பிழைத்துக் கிடந்தது. ஒவ்வொரு பள்ளிக்கும் ஒரு விதி. பையன்கள் பெரியவர்களாகி ஒன்றாக ஆட முயன்றபோது யார் விதிப்படி ஆடுவது என்று சண்டை. அதைத் தீர்க்க 1863 அக்டோபரில் லண்டனில் ஒரு விடுதியில் கூடிக் கால்பந்துச் சங்கத்தைத் தொடங்கினார்கள். 1872-இல் அந்தச் சங்கம் நடத்திய கோப்பைப் போட்டியின் முதல் இறுதி ஆட்டம், பார்வையாளர்கள் ஏறத்தாழ 2,000 பேர். ஆடியவர்கள் பழைய மாணவர்களும் ராணுவப் பொறியாளர்களும். அதாவது எல்லாம் கனவான்கள்.

அந்த விதிப் புத்தகம் தொழிலாளர் ஊர்களுக்குப் பாதிரியார்கள், பள்ளி ஆசிரியர்கள், ஆலை மேலாளர்கள் வழியாகப் போய்ச் சேர்ந்தது. உடம்பு பலமாக இருந்தால் ஒழுக்கமும் பலமாக இருக்கும் என்று நம்பிய காலம் அது. ஆஸ்டன் வில்லா ஒரு வெஸ்லியன் தேவாலயத்து இளைஞர்கள் தொடங்கியது. எவர்ட்டனும் தேவாலயத்திலிருந்து வந்ததுதான். மான்செஸ்டர் யுனைடெட் ரயில் பெட்டிப் பட்டறையில் பிறந்தது, ஆர்சனல் வூல்விச் ஆயுதத் தொழிற்சாலையில், வெஸ்ட் ஹாம் தேம்ஸ் நதிக்கரைக் கப்பல் பட்டறையில். குடிக்காமல் இருக்கட்டும் என்று கொடுத்த பந்தைத் தொழிலாளர்கள் வாங்கிக்கொண்டார்கள். கூட வந்த உபதேசத்தை வாசலிலேயே விட்டுவிட்டார்கள்.

1883 மார்ச் 31-ஆம் தேதி நடந்த கோப்பை இறுதி ஆட்டத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஒரு பக்கம் ஈட்டன் பள்ளியின் பழைய மாணவர்கள், முந்தைய ஆண்டுச் சாம்பியன்கள். மறுபக்கம் பிளாக்பர்ன் ஒலிம்பிக். அந்த அணியில் நெசவாளர்கள், நூற்பாலைத் தொழிலாளி, இரும்பு வார்ப்பாலைத் தொழிலாளர்கள், ஒரு பிளம்பர், ஒரு பல் மருத்துவரின் உதவியாளர் எல்லாம் இருந்தார்கள். ஆட்டத்துக்கு முன்னால் அணியை பிளாக்பூல் கடற்கரைக்கு அனுப்பிப் பயிற்சி கொடுத்தார்கள். செலவை ஏற்றவர் சிட்னி யேட்ஸ் என்ற உள்ளூர் வார்ப்பாலை முதலாளி. கூடுதல் நேரம் வரை போன ஆட்டத்தில் ஒலிம்பிக் 2-1 என்று ஜெயித்தது. அதற்குப் பிறகு பழைய மாணவர் அணி எதுவும் அந்தக் கோப்பையைத் தொடவில்லை.

கனவான்களுக்குத் தோற்றதைவிட வலித்தது அந்தப் பயிற்சிதான். ஆட்டத்துக்காக வேலையை விட்டுவிட்டுப் போய்ப் பயிற்சி எடுப்பதா? அப்படியென்றால் யாரோ காசு கொடுத்திருக்க வேண்டுமே! நியாயமான சந்தேகம்தான், காசு கொடுக்கத்தான் செய்தார்கள். ஆனால் இதை எதிர்ப்பக்கத்திலிருந்து பாருங்கள். ஈட்டன் அணித் தலைவர் கின்னேர்ட் பிரபு ஒரு வங்கிக் குடும்பத்தவர். ஒரு வாரம் ஆடப் போனால் அவர் வீட்டில் அடுப்பு அணையாது. நெசவாளி ஒரு வாரம் போனால் அணைந்துவிடும். காசுக்காக ஆடாமல் ஆட்டத்துக்காகவே ஆடுபவனே உயர்ந்தவன் என்று சொல்லிக்கொள்ள வேண்டுமானால், முதலில் காசு தேவைப்படாதவனாகப் பிறந்திருக்க வேண்டும். அமெச்சூர் என்ற சொல்லுக்குள் ஒளிந்திருந்த கணக்கு இதுதான்.

கால்பந்துச் சங்கம் இரண்டு வருஷம் முறைத்துப் பார்த்துவிட்டு 1885-இல் இறங்கி வந்தது. சம்பளம் வாங்கி ஆடலாம் என்று அனுமதித்தது. 1888-இல் 12 அணிகளோடு லீக் போட்டி தொடங்கியது. பன்னிரண்டும் லங்காஷயர், மிட்லண்ட்ஸ் பகுதித் தொழில் நகரங்கள், லண்டனிலிருந்து ஒன்றுகூட இல்லை. 1901 கோப்பை இறுதி ஆட்டத்துக்கு 1,10,820 பேர் வந்தார்கள். முப்பது வருஷத்துக்குள் 2,000 எங்கே, இது எங்கே!

ஆனால் கவனியுங்கள், ஆட்டம் தொழிலாளியுடையதாக ஆன அதே நேரத்தில் ஆட்டக்காரரே தொழிலாளியாகவும் ஆகிவிட்டார். அணிகள் கம்பெனிகளாகின. இயக்குநர் குழுவில் வியாபாரிகளும் ஆலை முதலாளிகளும் உட்கார்ந்தார்கள். 1901-இல் ஒரு ஆட்டக்காரருக்கு வாரத்துக்கு 4 பவுண்டுக்கு மேல் சம்பளம் கொடுக்கக் கூடாது என்று உச்சவரம்பு வந்தது. அவர் நினைத்தபடி வேறு அணிக்குப் போகவும் முடியாது. 1905-இல் ஆல்ஃப் காமன் என்பவரை மிடில்ஸ்பரோ அணி 1,000 பவுண்டு கொடுத்து சண்டர்லண்டிடமிருந்து வாங்கியது. அந்த ஆயிரம் போனது சண்டர்லண்டுக்கு. வெல்ஷ் நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை பார்த்துவிட்டுக் கால்பந்துக்கு வந்த பில்லி மெரடித் போன்றவர்கள் 1907-இல் ஆட்டக்காரர் சங்கம் கட்டியது சும்மா இல்லை. சம்பள உச்சவரம்பு போக 1961 ஆனது.

கால்பந்து வளைந்து கொடுத்துப் பிழைத்தது. ரக்பி வளைய மறுத்து உடைந்தது. எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்த பகுதி, அல்லது மிகவும் எரிச்சலூட்டும் பகுதி, இதுதான்.

யார்க்‌ஷயர், லங்காஷயர் ரக்பி அணிகளில் சுரங்கத் தொழிலாளர்களும் ஆலைத் தொழிலாளர்களும் நிறைய இருந்தார்கள். அரைநாள் லீவு சனிக்கிழமை பிற்பகல்தான். வெளியூரில் ஆட்டம் என்றால் காலையிலேயே ரயில் ஏற வேண்டும், அரைநாள் கூலி கெடும். வடக்கத்திய சங்கங்கள் சம்பளம் கேட்கவில்லை. கெட்ட கூலியை மட்டும் ஈடு கட்ட விடுங்கள் என்றுதான் கேட்டன. 1893 செப்டம்பரில் லண்டனில் கூடிய ரக்பித் தலைமைச் சங்கத்தில் வாக்கெடுப்பு நடந்தது. ஆதரவு 136, எதிர்ப்பு 282. கட்டுப்படியாகாதவர்கள் ஆடாமல் இருக்கட்டுமே என்பதுதான் தெற்கின் வாதம். இதை அவர்கள் கொள்கை என்று நினைத்தார்கள். தங்கள் கூலி கெடுவது என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்கு அது கொள்கையாகத்தான் தெரியும்.

1895 ஆகஸ்ட் 29-ஆம் தேதி ஹடர்ஸ்ஃபீல்ட் நகரத்தின் ஜார்ஜ் ஹோட்டலில் வடக்கத்திய சங்கங்கள் கூடித் தனியாகப் பிரிந்தன. புதிய அமைப்பு கொடுக்க அனுமதித்த ஈட்டுத்தொகை நாளுக்கு 6 ஷில்லிங். அந்த 6 ஷில்லிங்குக்காக ஒரு விளையாட்டு இரண்டானது. பிறகு ஆள் எண்ணிக்கையும் மாறி (பிரிந்துபோன லீக்கில் 13, பழைய யூனியனில் 15) விதியும் மாறி, ரக்பி லீக், ரக்பி யூனியன் என்று இரண்டு தனி ஆட்டங்களே ஆகிவிட்டன. இதில் ஒரு வேடிக்கை: பிரிந்து போனவர்களும் 1898-இல் சம்பளத்தை அனுமதித்தபோது, ஆட்டக்காரர் வேறு ஒரு ஒழுங்கான வேலையிலும் இருக்க வேண்டும் என்று நிபந்தனை வைத்தார்கள். சாராயக் கடையில் பரிமாறுவதெல்லாம் வேலைக் கணக்கில் சேராது! விளையாட்டை மட்டும் நம்பிப் பிழைப்பது அவர்களுக்கே கொஞ்சம் கூச்சமாக இருந்திருக்கிறது. ரக்பி யூனியன் சம்பளத்தை ஏற்றுக்கொண்டது 1995 ஆகஸ்ட் கடைசியில். ஜார்ஜ் ஹோட்டல் கூட்டத்துக்கு நூறு வருஷம் நிறைய சில நாட்களே பாக்கி.

கிரிக்கெட் மூன்றாவது வழியைக் கண்டுபிடித்தது. அது உடையவும் இல்லை, கலக்கவும் இல்லை. நம் ஊரில் ஒரே பந்தியில் இரண்டு வரிசை போடுவது போல என்று வைத்துக்கொள்ளுங்கள். கனவான்களும் சம்பளக்காரர்களும் ஒரே அணியில் ஆடுவார்கள். ஆனால் உடை மாற்றும் அறை வேறு, மைதானத்துக்குள் வரும் வாசல் வேறு. பட்டியலில் கனவானுக்கு இனிஷியல் பெயருக்கு முன்னால், சம்பளக்காரருக்குப் பின்னால். 1950-இல் லார்ட்ஸ் மைதானத்தில் ஃபிரெட் டிட்மஸ் என்ற இளம் பந்துவீச்சாளரின் இனிஷியலைத் தவறுதலாக முன்னால் அச்சடித்துவிட்டார்கள் என்று ஒலிபெருக்கியில் திருத்தம் அறிவித்தார்கள். அணித் தலைவர் பதவி வழக்கமாகக் கனவானுக்குத்தான். லென் ஹட்டன் 1952-இல் இங்கிலாந்துக்குத் தலைமை ஏற்றபோது சம்பளக்காரர் தலைவராவது பெரிய செய்தி. 1806-இல் தொடங்கிய கனவான்களுக்கும் சம்பளக்காரர்களுக்குமான ஆட்டம் 1962 வரை நடந்தது. இத்தனைக்கும் கனவான்களில் தலைசிறந்தவரான டபிள்யூ. ஜி. கிரேஸுக்கு 1895-இல் ரசிகர்கள் திரட்டிக் கொடுத்த நிதி மட்டும் 9,000 பவுண்டுக்கு மேல். நாலு சம்பளக்காரர் ஆயுள் முழுக்க ஆடினாலும் பார்க்க முடியாத தொகை. ஆனால் அவர் அமெச்சூர்தான்.

இந்த ஏற்பாடு கப்பலேறிச் சென்னைக்கு வந்தபோது வர்க்கத்தோடு நிறமும் சேர்ந்துகொண்டது. 1846-இல் தொடங்கிய மெட்ராஸ் கிரிக்கெட் கிளப் வெள்ளையர்களுக்கு மட்டும். அதற்குப் பதிலாக 1888-இல் மெட்ராஸ் யுனைடெட் கிளப்பைத் தொடங்கிய புச்சி பாபு நாயுடு யார்? பெரும் பணக்கார துபாஷி குடும்பத்து வாரிசு. நிறத்தடையை எதிர்த்து நிற்கவும் கூலி கெடாத நிலையில் ஒருவர் இருக்க வேண்டியிருந்தது.

படகுப் போட்டிக்காரர்கள் சுற்றி வளைக்காமல் நேராகவே எழுதி வைத்தார்கள். ஹென்லி படகுப் போட்டியின் 1879 விதிப்படி, கூலிக்கு வேலை செய்த கைவினைஞர், மெக்கானிக், தொழிலாளி யாரும் அமெச்சூர் ஆக முடியாது. படகுக்கும் அதற்கும் சம்பந்தமே வேண்டாம், நீங்கள் செங்கல் அடுக்கிப் பிழைத்தாலே போதும். உடலுழைப்பால் தோள் வலுத்திருப்பது போட்டியில் அநியாயச் சாதகம் என்று இதற்குக் காரணமும் சொன்னார்கள். 1920-இல் ஜாக் கெல்லி என்ற அமெரிக்கர் விண்ணப்பித்தார், கொத்தனார் வேலை பார்த்தவர். அனுமதி இல்லை. அதே ஆண்டு ஆன்ட்வெர்ப் ஒலிம்பிக்கில் தங்கம் வென்றார். ஹென்லி அந்த விதியை எடுக்க 1937 ஆனது.

நடுத்தர வர்க்கம் இந்தச் சண்டையில் அதிகம் கலந்துகொள்ளவில்லை. அவர்கள் வேறு இடத்துக்கு நகர்ந்துவிட்டார்கள். குமாஸ்தா, வக்கீல், வியாபாரி எல்லாம் புகை இல்லாத புறநகரில் தோட்டம் வைத்து வீடு கட்டினார்கள். அந்தத் தோட்டத்துப் புல்லில் ஆட டென்னிஸ் வந்தது. இதிலும் ஆலையின் கை இருக்கிறது. எட்வின் பட்டிங் 1830-இல் புல்வெட்டும் இயந்திரத்துக்குக் காப்புரிமை வாங்கினார். கம்பளித் துணியில் நீட்டிக்கொண்டிருக்கும் ரோமத்தைச் சீவும் ஆலை இயந்திரத்தைப் பார்த்து வந்த யோசனை அது. ரப்பரைப் பதப்படுத்தும் முறை வந்ததால் புல்லில் துள்ளும் பந்து கிடைத்தது. 1874-இல் மேஜர் விங்ஃபீல்ட் வலை, மட்டை, பந்து, விதி எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் போட்டு விற்றார். 1877-இல் விம்பிள்டன். இந்த ஆட்டத்தின் பெரிய வசதி, கல்யாண வயதுப் பெண்களும் பையன்களும் பெரியவர்கள் கண்முன்னே கௌரவமாகப் பழகலாம் என்பது. வேலி போட்ட புல்வெளி, உறுப்பினர் பரிந்துரை, வெள்ளை உடை என்றால் தொழிலாளி தானாகவே வெளியே. யாரும் தடை எழுத வேண்டியதில்லை.

ரயில் எல்லாரையும் ஏற்றிக்கொண்டது, ஆனால் ஒரே பெட்டியில் இல்லை. 1841 ஜூலை 5-ஆம் தேதி தாமஸ் குக் லெஸ்டரிலிருந்து லஃப்பரோவுக்கு ஏறத்தாழ 500 பேரை ஆளுக்கு ஒரு ஷில்லிங்கில் கூட்டிப் போனார். மதுவிலக்குக் கூட்டத்துக்கு! மூன்று வருஷம் கழித்து விண்டர்மியர் ஏரிப் பக்கம் ரயில் பாதை போடத் திட்டம் வந்ததும், அந்தப் பகுதியிலேயே வாழ்ந்த கவிஞர் வேர்ட்ஸ்வொர்த் பத்திரிகையில் எழுதி எதிர்த்தார். தொழிலாளர் கூட்டம் வந்தால் அமைதி கெடும் என்பது அவர் கவலை. 1851-இல் லண்டன் உலகக் கண்காட்சி நாளை வைத்தே வர்க்கத்தைப் பிரித்தது: திங்கள் முதல் வியாழன் வரை 1 ஷில்லிங், வெள்ளி இரண்டரை ஷில்லிங், சனி 5 ஷில்லிங். ஒரு ஷில்லிங் கூட்டம் கலவரம் செய்யும் என்று பயந்தார்கள். அவர்கள் சோற்று மூட்டையோடு வந்து இயந்திரங்களை வாய் பிளந்து பார்த்துவிட்டு ஒழுங்காகத் திரும்பினார்கள்.

லங்காஷயர் ஆலை ஊர்களுக்கு பிளாக்பூல்தான் எல்லாம். 1846-இல் ரயில் வந்தது, 1894-இல் கோபுரம். கோடையில் ஒவ்வொரு ஊரும் ஒரு வாரம் மொத்தமாக ஆலையை மூடும். பழைய ஊர்த் திருவிழா நாளின் மிச்சம் அது. முதலாளிக்குக் கொதிகலனைப் பழுது பார்க்கவும் வசதி. ஊர் முழுக்க ரயில் ஏறிக் கடற்கரைக்குப் போய்விடும். அங்கேயும் பக்கத்து வீட்டுக்காரர்தான் பக்கத்து அறையில். ஆனால் அந்த வாரத்துக்குச் சம்பளம் கிடையாது. வருஷம் முழுக்கச் சீட்டுப் பிடிப்பது போல வாராவாரம் சில பென்ஸ் சேர்த்துத்தான் அந்த ஒரு வாரம். சம்பளத்தோடு லீவு என்ற சட்டம் 1938-இல்தான் வந்தது.

பந்தயம் கட்டுவதிலும் இதே கதை. 1906-இல் தெருவில் பந்தயம் கட்டுவது குற்றமானது. குதிரைப் பந்தய மைதானத்துக்குள்ளேயோ, கடன் கணக்கு வைத்தோ கட்டினால் குற்றமில்லை. கடன் கணக்கு யாருக்கு இருக்கும்?

இப்போது அந்தப் பெண்களிடம் வருகிறேன். ஆலையில் நாள் முழுக்க வேலை, வீட்டில் மிச்ச வேலை. ஓய்வு என்று தனியாக எதுவும் அவர்கள் கணக்கில் இல்லை. முதல் உலகப் போரில் ஆண்கள் போர்முனைக்குப் போனதும் பெண்கள் வெடிகுண்டுத் தொழிற்சாலைகளுக்கு வந்தார்கள். பிரெஸ்டன் நகரத்து டிக், கெர் கம்பெனியில் உணவு இடைவேளையில் பந்து உதைக்கத் தொடங்கியவர்கள் 1917 கிறிஸ்துமஸ் அன்று 10,000 பேர் முன்னால் ஆடினார்கள். காயம்பட்ட சிப்பாய்களுக்கான மருத்துவமனைக்கு நிதி திரட்டிய ஆட்டம் அது. 1920 டிசம்பர் 26-ஆம் தேதி லிவர்பூலின் குடிசன் பார்க்கில் 53,000 பேர் திரண்டார்கள், இடமில்லாமல் வெளியே நின்றவர்கள் தனி.

அடுத்த ஆண்டு, 1921 டிசம்பர் 5-ஆம் தேதி, கால்பந்துச் சங்கம் தன் உறுப்பினர் மைதானங்களில் பெண்கள் ஆடத் தடை போட்டது. பெண்களின் உடலுக்கு ஒவ்வாது என்பது முதல் காரணம். இரண்டாவது காரணத்தைத்தான் கவனிக்க வேண்டும்: வசூலில் பெரும்பகுதி செலவுக்கே போகிறது, தர்மத்துக்குப் போதிய அளவு போகவில்லை. 1885-இலேயே ஆண்களுக்குச் சம்பளத்தை அனுமதித்த அதே சங்கம்தான் இதைச் சொன்னது. டிக், கெர் பெண்களுக்கு வழிச்செலவுக்கும் கெட்டுப்போன கூலிக்குமாக ஆட்டத்துக்குக் கொடுத்துவந்தது 10 ஷில்லிங். தடை 1971 வரை இருந்தது.